வற்று

பாவத்தைக் கடலில் எறிந்துவிட்டார் என்பார்கள் கோயிலில்.
எந்தக் கடலில்?
எங்கள் பாசையூர்க் கடல் முழங்கால் மட்டும்தான்.
வற்றில் எல்லாம் வெளிக்கும்:
முறிந்த மண்டா, ஒற்றைச் செருப்பு,
யாரோ தாட்ட சைக்கிளின் விலா.

தொண்ணூற்றைந்தில், நாவற்குழிப் பாலத்தடியில்,
ஒருத்தி பிள்ளைக்குத் தண்ணீர் கேட்டாள்.
என் கானில் பாதி இருந்தது.
இல்லை என்றேன்.

அதன்பின் தவக்காலம் தவறாமல்
அதையே சொல்லிவருகிறேன்.
பாதர்மார் மாறினார்கள்.
இந்த முறை தட்டிக்கு அப்பால் இருந்தவர்
அந்த வருடம்தான் பிறந்தவராம்.
“இதை எப்போதோ கொடுத்துவிட்டீர்களே அம்மா,
பிறகு எப்படி உங்கள் கைக்கு வந்தது?”
தவமாக ஒரேயொரு அருள்நிறை மந்திரம்.
எனக்குக் கோபம் வந்தது,
இவ்வளவு மலிவா என்று.

கரையால் நடந்தேன்.
தூரத்தில் யாரோ சூள் கொளுத்தி
நண்டு தேடிக்கொண்டிருந்தார்கள்.
நின்று பார்த்தேன்.
கடல் ஒன்றையும் திருப்பித் தரவில்லை.
ஒவ்வொரு இரவும்
விளக்கோடு இறங்கியது நான்.
அவர் எறிந்த இடத்தில்
அவரையே நம்பாமல்.

வீட்டில் செம்பு நிறைய அள்ளினேன்.
எப்போதும் பாதியோடு வைத்துவிடுவேன்.
உவர்த் தண்ணீர்தான்.
இன்று கடைசிச் சொட்டுவரை
குடித்தேன்.