குதிரைக்குக் குளிர்

மாத்திரைப் பெட்டிக்குள் மடிந்திருந்த தாளை
விளக்கடியில் விரித்தேன்.
மேசையை மூடுமளவு நீளம்.
பள்ளியில் படித்து மறந்த ரஷ்ய மொழியை
எழுத்துக்கூட்டிப் போனால்
கடைசி மடிப்புக்குச் சற்று முன்னால் இருந்தது:
கெட்ட கனவு. எரிச்சல். காரணமில்லாத அழுகை.
பக்கத்திலேயே 'அரிதாக' என்று ஒரு சொல்.

அரிது என்பது
அடுத்த தெருக்காரர்களுக்கானது என்றிருந்தேன்.

உலான்பாதரின் மேட்டுத் தெருக்களில்
நிலக்கரி மூட்டாத வீடு கிடையாது.
அக்டோபர் பிறந்தால்
நொமூனின் நெஞ்சுக்குள் ஒரு சீழ்க்கை குடிவரும்,
ஏப்ரலில்தான் காலிசெய்யும்.
இந்த முறை இரவுக்கொன்றாய்
செர்ரி வாசனையில் மெல்லும் மாத்திரை.
ஒரே வாரத்தில் இருமல் அடங்கிவிட
பூர்ட்சோக் பொரித்து அக்கம்பக்கம் கொடுத்தோம்.

ஒன்பதாம் இரவு
எழுந்து உட்கார்ந்து சொன்னாள்:
அடுப்புக்குள் ஆட்கள் இருக்கிறார்கள்.
என் பெயர் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.
காலையில் தம்பி தெமுலெனின் தோளைக் கடித்தாள்.
கடித்துவிட்டு அவனைவிட அதிகம் அழுதாள்.
பிடிவாதம் என்றார் இவள் அப்பா.
நானும் அதட்டினேன்.
பத்து நாள்.
தாளை விரிக்காத பத்து நாள்.
அத்தனை அதட்டலையும்
இனி எந்தக் கடையில் திருப்பிக் கொடுக்க?

அதற்கும் முந்தையது நீல இன்ஹேலர்.
இரண்டு அழுத்து அழுத்தினால் மூச்சு திறக்கும்,
விரல்கள் நடுங்கத் தொடங்கும்.
மார்பில் கை வைத்தால்
என் தையல் இயந்திரம் உள்ளே ஓடும்.
அந்த விரல்களால் வகுப்பில் குதிரை வரைந்தாள்.
நான்கு கால்களும் கோணல்மாணல்.
'கவனம் தேவை' என்று சிவப்பு மையில் ஆசிரியை.
அதற்கு இவள் பதில்:
வெளியே மைனஸ் முப்பது, டீச்சர்.
குதிரைக்குக் குளிர்.

மருத்துவர் ஹாண்ட்மா
முழுவதும் கேட்டு முடிக்கும்வரை பேனாவைத் தொடவில்லை.
மாத்திரையை நிறுத்தச் சொன்னார்.
பதிலுக்கு ஒரு பழுப்பு இன்ஹேலர்,
கூடவே ஒரு பிளாஸ்டிக் குடுவை.
இழுத்தபின் வாய் கொப்பளிக்க வேண்டும், மறக்காதீர்கள்,
இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படரும்.
பிறகு கொஞ்சம் தயங்கி,
வளர்த்தியில் ஒரு சென்டிமீட்டர் குறையலாம் என்றார்,
எல்லாக் குழந்தைகளுக்கும் அல்ல.
அவர் அதை மறைக்காததற்கு
நன்றி சொல்ல நினைத்துச் சொல்லாமல் வந்தேன்.

நொமூன் உப்புத் தேநீரால் கொப்பளித்து
விழுங்கியும் விடுகிறாள்.
தண்ணீரால், தண்ணீரால் என்று நான் பின்னாலேயே.

நிறுத்திய ஐந்தாம் இரவு அசையாமல் தூங்கினாள்.
நான் தூங்கவில்லை.
ஒரு காது அலறலுக்கு,
ஒரு காது சீழ்க்கைக்கு.
விடிந்ததும் அடுப்புக் கதவைத் திறந்து
எட்டிப் பார்த்தாள்.
போய்விட்டார்கள், சாம்பலை அள்ளவேயில்லை
என்று கோபித்துக்கொண்டாள்.

இன்று அவளுக்கு
அடுத்த குளிர்காலத்து மேலங்கி வெட்டுகிறேன்.
வளரும் பிள்ளைக்கு
ஓரத்தில் நான்கு விரல் துணி உள்ளே மடித்து விடுவது வழக்கம்,
பிரித்துப் பிரித்து நீட்டிக்கொள்ள.
ஊசியைப் பல்லில் கடித்தபடி
வெகுநேரம் அந்த மடிப்பைப் பார்த்திருந்தேன்.
நான்கு விரலே வைத்தேன்.