பூசணிக்காய் என்று சொல்லும்வரை

பூந்தா அரேனாஸில் கதவைத் திறப்பது
ஒரு கை வேலையல்ல.
மேற்கிலிருந்து வருகிற காற்று
கைப்பிடியைப் பறித்துச் சுவரில் அறையும்.
டாக்ஸிக் கதவொன்று கீலோடு பிய்ந்து
தெருவில் உருண்டதைப் பார்த்திருக்கிறேன்.
அக்டோபரில் நகராட்சிக்காரர்கள்
முக்குகளில் கயிறு கட்டிவிடுவார்கள்,
நாங்கள் பிடித்துக்கொண்டு நடக்க.

நாய்க்கு எது கயிறு?

துவெர்கா அவள் பெயர். எங்கள் பேச்சில் மரை.
மெக்கானிக் ஷெட்டில் லாரிக்கு அடியிலிருந்து
எண்ணெய் அப்பிய முகத்தோடு உருண்டு வந்தவள்.
திறந்த கதவுக்கு அவள் அகராதியில்
ஒரே பொருள்தான்.
முதல் வாரத்தில் மூன்று முறை பாய்ந்தாள்.
மூன்றாம் முறை, துறைமுகத்துக்குப் போகிற லாரி
அவள் வாலுக்கும் என் கத்தலுக்கும் நடுவே நின்றது.
ஓட்டுநர் இறங்கி வந்து
என்னைத் திட்டினான்,
நாயை ஒன்றும் சொல்லவில்லை.
நியாயம்தான்.

அன்றிரவு நண்டு ஃபேக்டரியிலிருந்து வந்ததும்
கையுறை நாற்றம் போகுமுன்பே தொடங்கினேன்.
உள்பக்கம் நாங்கள் இருவர்,
பையில் வெந்த ஆட்டு ஈரல்.
கை தாழ்ப்பாளுக்குப் போனது. எழுந்தாள்.
கை திரும்பி வந்தது.
யோசித்தாள். உட்கார்ந்தாள்.
கை போனது.
ஒரு விரலளவு திறப்பு; மூக்கு வந்தது; மூடினேன்.
மூக்கு நசுங்காமல் மூடுவது தனி வித்தை.
வாய் திறந்து நான் ஒன்றும் சொல்லவில்லை.
எழுந்தால் மூடும், உட்கார்ந்தால் திறக்கும்:
கதவே பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.
பதினேழோ பதினெட்டோ, எண்ணிக்கை தப்பியபின்
தெரு முழுக்க விரியத் திறந்து கிடக்க,
அவள் தெருவைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்த்தாள்.

போகலாம் என்பதற்கு மட்டும் ஒரு சொல் வேண்டும்.
முதலில் ‘யா’ என்று வைத்தேன். பெரிய தப்பு.
இந்த ஊரில் எல்லோரும் எல்லாவற்றுக்கும் ‘யா’தான்.
ஃபோனில் என் அக்காவிடம் நாலு ‘யா’ சொன்னேன்,
நாய் நாலு முறை புறப்பட்டது.
வாசலில் நின்று எவரும் கத்தாத சொல்லாகத் தேடி
கடைசியில் காய்கறிக் கூடையைப் பார்த்தேன்.
சபாயோ. பூசணிக்காய்.

என் மகன் தாமிர்தான் நாயைவிடக் கடினம்.
பையை முதுகில் மாட்டி, கதவைக் காலால் தள்ளி,
அப்படியே போய்விடுவான்.
அவனுக்கு ஈரலும் பிடிக்காது.

நவம்பரில் ஒரு பிற்பகல்.
பஸ்ஸிலிருந்து இறங்கித் தெருமுனைக்கு வந்தேன்.
எதிர்ப்பக்கம் என் வீடு,
தாழ்ப்பாள் பிய்ந்து, கதவு மடேர் மடேரென்று
சுவரில் மோதிக்கொண்டிருந்தது.
யாரும் இல்லாத அந்த வாசலில்,
நிலைக்கு உள்ளே ஒரு சாண் தள்ளி,
துவெர்கா.
காதுகள் பின்னால் பறக்க, கண்ணில் புழுதி,
உட்கார்ந்திருந்தாள்.

என்னைக் கண்டுவிட்டாள். வால் தரையைக் கூட்டியது.
எங்களுக்கு நடுவே சாலை.
பெயரைச் சொன்னால் போதும், வந்துவிடுவாள்.
அந்தச் சொல்லைச் சொன்னால் பறந்தே வருவாள்.
தொண்டைவரை வந்துவிட்டது.
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்களாம்;
நான் வாய்க்குள் மறைத்துக்கொண்டு
கயிற்றை இறுகப் பிடித்தபடி நின்றேன்.
ஒரு லாரி.
ஒரு லாரி.
மீன் வண்டி, தண்ணீர் சொட்டச் சொட்ட.
அப்புறம், அவசரமே இல்லாமல்,
சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு கிழவர்.
அவள் எனக்காக இருந்தாள்,
நான் அவளுக்காக.
எந்தப் பக்கம் வாசல், எந்தப் பக்கம் வீடு
என்பதெல்லாம் அப்போது தெளிவாக இல்லை.

கடந்தேன். ஓடவில்லை. ஓடினால் அவளும் ஓடுவாள்.
முட்டி போட்டுக் கழுத்துப் பட்டையைப் பிடித்தபோது
கை நடுங்கியது. நண்டு வெட்டுகிற கை அது.
தண்ணீர்க் கிண்ணத்தில் அரை அங்குலம் மணல்;
எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருந்தாள் என்று
கேட்க ஆளில்லை.

கதவைச் சாத்தி, நாற்காலியை முட்டுக்கொடுத்து,
அடுப்படியில் நின்றுதான்
அதைச் சொன்னேன். சத்தமே வரவில்லை.
கதவைப் பார்த்தாள். மூடியிருந்தது.
என்னைப் பார்த்தாள்.
போவதற்கு வேறெங்கும் இல்லாததால்
நேராக வந்து என் வயிற்றில் முட்டினாள்.

தாமிர் வரட்டும்.
தாழ்ப்பாள் வாங்கி வர அவனை அனுப்பவேண்டும்.