மூவாயிரத்து நானூறு

ஏழு மாதம் யோசித்து வாங்கியது.
குர்லா மாலில், கண்ணாடிப் பெட்டிக்குள்
விளக்குப் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள்.
கடைப்பையன் வெள்ளைக் கையுறை மாட்டி எடுத்துக் காட்டினான்,
பிரசவ வார்டு வாசலில் நர்ஸ் காட்டுவாளே, அப்படி.
பேரைச் சொன்னால் யாருக்கும் தெரியும்.
வீடியோக்களில் தாடிக்காரர்கள் அதை வைத்துக்
காட்டுக்குள் குடிசையே கட்டிவிடுகிறார்கள்.

எனக்குக் காடு வேண்டாம்.
டோம்பிவிலியில் பார்சல் பிரிக்க வேண்டும்.
மதியம் ஒரு கொய்யாவை நாலாக வகுக்க வேண்டும்.
அப்புறம், இரண்டாம் ஷிப்டு முடிந்து
காலிப் பெட்டியில் ஏறும் இரவுகளில்
பைக்குள் கை விட்டால்
ஏதோ ஒன்று தட்டுப்பட வேண்டும்.

நான் இடதுகைக்காரி.
கையுறை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.
அட்டைமேல் எட்டு மொழியில் என்னென்னவோ எழுதியிருந்தது;
திறக்கும் குமிழ் ஒரு பக்கம்தான் என்று
ஒரு மொழியிலும் இல்லை.
கட்டைவிரல் தேடிப்போன இடத்தில் வழவழவென்று எஃகு.
வலது கையையும் துணைக்குக் கூப்பிட்டுத் திறந்தேன்,
ஊறுகாய் பாட்டில் திறப்பதுபோல்.

திறந்தால், அலகு ஆடியது.
விழப்போகிற பால்பல் ஆடுமே, அவ்வளவு.
மூடினால் நடுவில் நிற்காது.
6.42-இல் உட்கார்ந்தபடி தூங்குகிறவள்
பக்கத்துத் தோளில் சாய்வதுபோல்
ஒரு பக்கமாய்ச் சாய்ந்து
பிடியின் உள்சுவரைச் சுரண்டியது.

சனிக்கிழமை திரும்பப் போனேன். வேறு பையன்.
"இதெல்லாம் டாலரன்ஸ், மேடம்" என்றான்.
தம்பி,
பாண்டுப்பில் பதினோரு வருஷமாய் வால்வு அளக்கிறேன்.
இருபது மைக்ரான் தப்பினால்
சிவப்புச் சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்புகிற கை இது.
டாலரன்ஸ் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்.
யாருடையதைக் கேட்கிறாய் என்பதுதான் புரியவில்லை.

இதை நான் சொல்லவில்லை.
"சரி" என்றுவிட்டு எஸ்கலேட்டரில் இறங்கினேன்.

திங்கள், 6.42.
சுலக்ஷணா மடியில் வெந்தயக்கீரை ஆய்கிறாள்.
ஃப்ளேவியா பேப்பரில் சுற்றிய வெள்ளரிக்காயோடு
யார் கத்தி கொண்டுவந்தது என்கிறாள்.
நீட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
விலை கேட்டாள். எண்ணூறு என்றேன்.
"எண்ணூறா!"
நாஹூர் வரை வாய் மூடவில்லை இருவருக்கும்.

நானே வெட்டுகிறேன் என்று வாங்கிக்கொண்டேன்.
வெள்ளரியில் பாதி தூரம் போனது, நின்றது.
அழுத்தினேன்.
இடதுகைப் பிடியில் என் ஆள்காட்டி விரல்
பூட்டுத் தகட்டின் மேலேயே இருந்திருக்கிறது.
அலகு மடங்கித் திரும்பியது.
மூவாயிரத்து நானூறுக்கு அது சுத்தமாக வெட்டியது
அந்த விரலை மட்டும்தான்.

பெரிய காயமில்லை.
சுலக்ஷணா கீரைக்கையோடு விரலை அழுத்திப் பிடித்தாள்,
முலுண்ட் தாண்டியும் விடவில்லை.
ஃப்ளேவியா தன் பைக்குள்ளிருந்து
பிடி உருகிப்போன ஒரு பிளாஸ்டிக் கத்தியை எடுத்து
மீதி வெள்ளரியை வில்லை வில்லையாய்ப் போட்டாள்.
மிளகாய் உப்பு. எனக்கு மட்டும் இரண்டு அதிகம்.

கம்பெனியிலிருந்து குறுஞ்செய்தி வந்துகொண்டே இருக்கிறது,
ஐந்தில் எத்தனை நட்சத்திரம் என்று.

போன வியாழன், 11.38.
காவலுக்கு ஏற வேண்டிய ஹோம்கார்டு ஏறவில்லை.
பெட்டியில் நானும்,
பெண்கள் பெட்டி என்று தெரிந்தே தாணேயில் ஏறிக்
கதவோரம் நின்ற ஒருவனும்.
பைக்குள் கை போனது. தட்டுப்பட்டது.
நன்றாகத்தான் இருந்தது அந்தக் கனம்.
அதற்குத்தான் அவ்வளவு காசு போல.
அவன் என் முகத்தைப் பார்த்தான், பையைப் பார்த்தான்.
கல்வா போனது.
மும்ப்ராவில் இறங்கிக்கொண்டான்.

திறக்க இரண்டு கை வேண்டும்.
மற்றக் கையால் நான்
மேல்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.