இரண்டாவது டப்பா

பகாவ் பஸ்ஸில் என் மடியில் இரண்டு பொட்டலம்.
ஒன்று, மிஸ்ஸிக்கு நான் கட்டிய நாசி லெமாக்.
மற்றது சிவப்பு மூடி டப்பா,
விடியலில் கக்கூஸில் பிடித்தது,
மேலே என் பெயர்: தவமலர்.

லயத்தில் ஐந்து பிள்ளைகளுக்கு டைபாய்டு.
பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறார்கள்.
எனக்கோ ஒரு தும்மல்கூட இல்லை.

"போன வாரத்து டப்பாவிலேயே
தெரிஞ்சிருச்சுக்கா.
உங்கள ஒண்ணும் செய்யாது.
உங்க வழியா போகும்,"
என்றாள் மிஸ்ஸி,
பொட்டலத்தைத் தொடாமல்.

பதினொரு வருஷம்
செம்பனைக் குலை வெட்டப் போனவர்கள் எல்லாம்
என் கையால்தான் பசியாறினார்கள்.

குழாயடியில்
நகக்கண் எரிய எரியத் தேய்க்கிறேன்.
பக்கத்து வீட்டு யாழினி
தூக்கச் சொல்லிக் கைநீட்டுகிறாள்.

ஈரக் கையைப்
பின்னால் கட்டிக்கொண்டு
நிற்கிறேன்.