தோ

மூன்று மணி இருபது நிமிடம்.
அதற்குள் நூறு மதிப்பெண், அறுபது சமன்பாடு,
ஒரு கீபோர்டு.
காகிதத்தில் எழுத இனி விடமாட்டார்கள்.

சாட்ஸ்வர்த்தில் எங்கள் மாடியறை.
கூரையில் குரங்குகள்
மிசஸ் பெருமாள் வீட்டு ரொட்டிப் பாக்கெட்டோடு
ஓடிப்பிடித்து விளையாடுகின்றன.
கீழே தம்பி தவநேசன் காவல்:
"இன்வர்ட்டர் தோ, ரெடி!"
பத்து மணிக்குக் கரண்ட் போகும், அட்டவணையில் இருக்கிறது.
யாருக்கும் ஓர் அட்டவணை உண்டு இந்த ஊரில்.
எனக்கு, இறப்பு அட்டவணை.

போன தடவை நான் தோற்றது கணக்கில் இல்லை,
மவுஸில்.
பின்னத்தைச் சொடுக்கு, பெட்டிக்குள் நுழை,
மேல் பெட்டி, கீழ்ப் பெட்டி,
வெளியே வர வழி தெரியாத ஒரு கூட்டல் குறி
அடுக்கெண்ணிலேயே மாட்டிக்கொண்டு
வட்டி விகிதத்தோடு மாடியேறிப் போய்விட்டது.
நாற்பத்தேழு வாங்கினேன். தேற ஐம்பத்தெட்டு.

உம்லாங்கா ஆபீசில் பக்கத்து மேசை தாண்டேகா.
பீன்ஸ் பன்னிச்சோவை எனக்கும் பிட்டு வைத்துச் சொன்னாள்:
"அழகா எழுதச் சொல்லி யார் கேட்டா?
திருத்தறவனுக்குப் புரிஞ்சா போதும்.
எந்தக் குறிக்கு எது அர்த்தம்னு
முதல் பக்கத்துல ஒரு தடவை சொல்லிடு.
அடைப்புக்குறிய அள்ளிப் போடு, அதுக்குக் காசில்ல.
கீழ்க்கோட்டைக்கூட மிச்சம் பிடி.
அப்புறம் ஓடு."

ஓடினேன், ஆறு மாதம், தினம் விடியற்காலை.
எல்லும் எக்ஸும் ஒட்டி நின்றால் உயிரோடிருப்போர்.
க்யூவும் எக்ஸும் ஒட்டி நின்றால்
ஓராண்டுக்குள் போகிறவர்களின் பங்கு.
ஏ-யின் தலைமேல் இரு புள்ளிக்குப் பதில்
இரண்டு ஏ.

தமிழில் ஒரு புள்ளி வைத்தால்
எழுத்திலிருந்து உயிர் போகிறது.
இங்கே இரண்டு வைத்தால்
வருஷம் பிறந்ததுமே பென்ஷன் வருகிறது.
இடப்பக்கம் தொங்கும் பொடி எண்ணுக்கு
மற்றவர்கள் மிரண்டார்கள், நான் மிரளவில்லை.
கோவில் புரட்டாசி நோட்டீஸ் அடிப்பது நான்தான்.
முன்னால் நிற்கும் கொம்பைப் பின்னால்தான் அடிக்கணும் என்று
என் விரலுக்குத் தெரியும்.

அந்த நோட்டீஸ்தான் வினை.

பத்து ஐந்துக்கு மின்விசிறி நின்றது.
கழுத்தில் டர்பன் வேர்வை.
ஆறாம் கேள்வி: நாற்பது வயதில் ஒரு லட்சம் பேர்.
கேள்வித்தாளைப் பார்த்தபடியே அடித்துக்கொண்டு போனேன்.
எப்போதோ சுண்டுவிரல்
வேண்டாத இரண்டு விசையை அமுக்கியிருக்கிறது.
தலை நிமிர்ந்து, க்யூ, எக்ஸ்.
திரையில்:
ஆஓ

அழித்து மறுபடி அடித்தேன்.
ஆஓ

ஆறு வருஷமாய் அந்த எண்ணோடு குடும்பம் நடத்துகிறேன்,
தசமப் புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் வரைக்கும்.
அது வாய்விட்டுக் கத்தி நான் கேட்டதில்லை.

சிரிக்க நேரமில்லை.
பதினொரு நொடி சிரித்தேன்.
அப்புறம் கீபோர்டை மாற்றி,
காமிரா பார்க்கிறதே என்று முகத்தையும் மாற்றி,
ஓடினேன்.

கடைசிக் கேள்வியில் பாதி நிற்கிறது. போகட்டும்.
அனுப்பிய பிறகுதான் பிரதியைத் திறந்தேன்.
ஆறாம் கேள்வி, இரண்டாம் வரி,
நான் பார்க்காமல் அடித்த எல்லும் எக்ஸும்:

தோ = 96,214

எந்த ஊரிலோ ஒருவர்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொள்வார்.
அரை மதிப்பெண் போகும், ஒன்றுகூடப் போகும்.
ஆனால் விடை சரி.
தோ, தொண்ணூற்றாறாயிரத்து இருநூற்றுப் பதினாலு பேர்,
ஒருத்தர் குறையாமல்.

மேலே அந்த ரொட்டி தீர்ந்துவிட்டது போல.
வெறும் பாக்கெட்
தகரத்தில் சரசரக்கிறது.