சாவி இருக்கும் இடம்

இன்றும் காலையில் கை கீழே போனது.
இரண்டு இருக்கைக்கும் நடுவே துழாவி
காபிக் கோப்பையைத் தட்டிவிட்டுத் திரும்பியது.
இது கொரியா வண்டி.
சாவியே கிடையாது, பொத்தானை அழுத்தினால் போதும்.
பதினான்கு வருடமாகியும்
கைக்கு யாரும் சொல்லவில்லை.

ஸாப் காரில் சாவி கீழேதான்,
கியர் தண்டின் காலடியில்.
எங்கேயாவது மோதினால்
முழங்கால் சாவியில் இடித்துச் சிதையக் கூடாது என்று
அங்கே வைத்ததாகச் சொல்வார்கள்.
அந்தப் பூட்டைப் பத்தொன்பது வருடம்
ட்ரோல்ஹெட்டன் ஆலையில் பொருத்தியவள் நான்.
நான்கு திருகாணி,
ஒரு நிமிடம் நாற்பது நொடி,
அடுத்த வண்டி.

விமானம் செய்தவர்கள் கார் செய்யப் போனார்கள்.
போர் முடிந்திருந்தது.
வானத்துக்கு அவ்வளவு ஆள் தேவைப்படவில்லை.
வரைந்தவர்கள் பதினாறு பேர்,
லைசென்ஸ் வைத்திருந்தவர் இரண்டே பேர் என்று
வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிச் சிரித்தார்கள்.
இறக்கை வரைந்து பழகிய கை
காரையும் இறக்கையாகவே வரைந்தது.
விமானத்துக்கு வாங்கி மீந்த பச்சையைப் பூசினார்கள்.
பின்பெட்டிக்குக் கதவு வைக்கவில்லை.
மூட்டையை எடுக்க வேண்டுமா,
இருக்கையைச் சாய்த்து உள்ளே தவழ்ந்து போ.
சோளம் பொரிகிற சத்தம் அந்த எஞ்சினுக்கு.
ஆனாலும் பனியில் மற்றவை நின்ற இடத்தில்
பொரிந்துகொண்டே தாண்டிப் போனது.

டர்போ வந்த காலம் எனக்கு முந்தியது.
சோதனை ஓட்டி சிக்ஸ்டன் சொல்வான்:
"மிதித்தால் முதலில் ஒன்றும் நடக்காது.
ஒன்று, இரண்டு எண்ணுவாய்.
பிறகு கோபக்கார அண்ணன் ஒருவன்
முதுகில் கை வைத்துத் தள்ளுவான்."
டாக்டர்கள் வாங்கினார்கள்.
கட்டடம் வரைபவர்கள் வாங்கினார்கள்.
பக்கத்து வீட்டுக்காரன் வாங்காததை வாங்க
ஆசைப்பட்ட எல்லோரும் வாங்கினார்கள்.
அப்படிப்பட்டவர்கள்
உலகத்தில் அவ்வளவு பேர் இல்லை.

அமெரிக்கர்கள் வந்தார்கள்.
கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன்,
கை குலுக்கினார்கள்.
ஒருவர் என் பக்கத்தில் நின்று
சாவி ஏன் இங்கே என்று கேட்டார்.
முழங்காலுக்கு ஆங்கிலத்தில் சொல் வரவில்லை,
தொட்டுக் காட்டினேன்.
எனக்கு வலிக்கிறது என்று நினைத்து
நாற்காலி கொண்டுவரச் சொன்னார்.
பிறகு குறிப்பேட்டில் ஒரு தொகை எழுதினார்.

எங்கள் பக்கமும் பிழை உண்டு.
ஒரே உருவத்தை வருடக்கணக்கில் கட்டிக்கொண்டு
இதுதான் குணம் என்றோம்.
விற்ற விலையைவிடச் செய்த செலவு கூடியபோது
அதையும் குணம் என்றோம்.

அமெரிக்கர் போய் டச்சுக்காரர்.
அப்புறம் சீனாவிலிருந்து பணம் வருகிறது என்றார்கள்.
வந்துகொண்டே இருந்தது.
கடைசி வரை வந்துகொண்டே இருந்தது.
அந்தக் கோடையில் சம்பளம் தள்ளிப்போனது.
எங்கள் ஊர் அருவி அணைக்குப் பின்னால் கட்டுண்டது;
கோடையில் மணி பார்த்து மதகைத் திறப்பார்கள்.
நானும் ரைலியும் பாலத்தில் நின்று பார்த்தோம்.
சில நிமிடம் ஆற்றுக்குப் பைத்தியம் பிடித்தது.
பிறகு வெறும் பாறை, ஈரம்.
"நம்மையும் இப்படி மூன்று மணிக்கு
ஒரு தடவை திறந்துவிட்டால் என்ன?"
என்றாள் ரைலி.
அவளுக்குப் பின்லாந்துச் சிரிப்பு,
உதடு அசையாது.

டிசம்பர், கிறிஸ்துமஸுக்கு ஆறு நாள்.
திவால் என்று ரேடியோவில்தான் கேட்டேன்.
அலமாரியைக் காலி செய்யப் போனபோது
வரிசை அப்படியே நின்றது.
என் இடத்தில் ஒரு கார்,
வெள்ளி நிறம், கதவில்லை,
சாவிக்கான பள்ளம் திறந்த வாயாக.
யாரும் கேட்கவில்லை. யாரும் கூலி தரப்போவதில்லை.
பூட்டை எடுத்தேன்.
நான்கு திருகாணி.
அவசரமில்லை, நான்கு நிமிடம் எடுத்துக்கொண்டேன்.

சாவியை நுழைத்துத் திருப்பிப் பார்த்தேன்.
எடுக்க வரவில்லை.
பயந்துபோய் இழுத்தேன்.
பிறகுதான் நினைவு வந்தது,
எத்தனை ஆயிரம் பேருக்குச் சிரித்தபடி சொன்னது:
இந்த வண்டியில்
ரிவர்ஸ் கியர் போட்டால்தான்
சாவி வெளியே வரும்.