கூடை எடை கழித்து

ஏலம் தொடங்கக் கால்மணி இருந்தது.
மீன் தராசில் செருப்போடு ஏறி நின்றேன்.
ஐம்பத்தொன்று புள்ளி நான்கு.
செருப்பைக் கழற்றிப் பார்க்கத் தைரியமில்லை.
ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த களஞ்சியம் எட்டிப் பார்த்தான்:
"அண்ணே, ஒங்கள ரெண்டாம் நம்பர்லதான் போடணும்."

தங்கச்சிமடத்தில் பதினெட்டு வருசமாய் எடை போடுகிறேன்.
சூடை, காரல், திருக்கை, கணவாய், எது வந்தாலும்
கூடை எடை கழித்துத்தான் எழுதுவேன்.
ஒரு கிராம் பொய் சொன்னதில்லை.

தடைக்காலத்தில்தான் விட்டேன்.
விட்டேன் என்பதுகூடச் சரியில்லை.
விசைப்படகெல்லாம் கரையில் கிடந்தது,
நாட்டுப்படகு மீன் விலை நெருப்பாய்ச் சுட்டது,
ஊரோடு நானும் ரசமும் துவையலுமாய் இருந்தேன்.
அறுபத்திரண்டாம் நாள் ஊர் கடலுக்குப் போனது.
நான் துவையலிலேயே நின்றுகொண்டேன்.

ஏன் என்கிறார்கள்.
ஒருநாள், கால்களை ரப்பரால் கட்டிய நண்டொன்று
தராசில் முந்நூற்றுப் பத்து, முந்நூற்றுப் பன்னிரண்டு,
மறுபடி முந்நூற்றுப் பத்து என்று
எண்ணை நிற்கவிடாமல் ஆட்டிக்கொண்டிருந்தது.
அது பதில்தானா, தெரியவில்லை.
பிறகு முட்டை.
பிறகு டீக்கடை வாசலில், யோசிக்காமலே, பால்.

முதல் மூன்று கிலோ போனதில் கொஞ்சம் பெருமை.
அடுத்த நாலுக்குப் பெல்ட்டில் ஆணியால் ஓட்டை போட்டேன்.
அதற்கும் அடுத்த இரண்டில்
கோயில் வாசலில் யாரோ ஜெனோவாவைத் தனியே கூப்பிட்டு
"சுகர் மட்டுந்தானா? வேற ஏதுமா?" என்றாள்.
ஜெனோவா வந்து ஒன்றும் பேசவில்லை.
அடுப்படியிலிருந்து எள் வறுபடும் வாசம் வந்தது.

சிஸ்டர் பானுரேகா கேட்டார்,
"என்ன சாப்பிடுறீங்க?"
"சோறு, ரசம், துவையல்."
"அப்புறம்?"
"கடுங்காப்பி."
பேனாவை மூடி வைத்தார்.
"மீன விட்டது சரி.
மீன் இருந்த எடத்துல என்ன வச்சீங்க?"

கழிக்கத் தெரிந்தவனுக்கு அது தோன்றவே இல்லை.

ஊசி ஒன்று போட்டார், பி பன்னிரண்டாம்,
எந்தப் பயறிலும் அது வராதாம், மறக்காமல் வரச் சொன்னார்.

திரும்பும் வழியில் ஆவுளியா ஞாபகம் வந்தது.
முந்தின வருசம் வலையில் சிக்கியதை
எட்டுப் பேர் வலையறுத்துக் கடலில் விட்டோம்.
எங்கள் தராசு தாங்காத உடம்பு.
கடற்புல் தவிர வேறெதையும் தொடாத உடம்பு.
"அது நாளெல்லாம் மேயுது,
நீங்க ரெண்டு நேரம் நக்குறீங்க" என்றான் களஞ்சியம்.
அவன் சொல்வதில் எப்போதாவது ஒன்று சரியாக இருக்கும்.

இப்போது விடிகாலையில் உளுந்தங்களி,
குழி பறித்து நல்லெண்ணெய், கருப்பட்டி.
மதியம் தட்டைப்பயறு, தேங்காய்ப்பால், முருங்கைக்கீரை,
குண்டு மிளகாய் ரெண்டு கிள்ளிப் போட்டு.
பசி இல்லாவிட்டாலும் மணி பார்த்து உட்காருகிறேன்.
ஜெனோவா தன் நெத்திலியைப் பின்கட்டில் தனி அடுப்பில் பொரிக்கிறாள்.
வாசம் வரும். வரட்டும்.
ஒருநாள் வாயில் எச்சில் ஊறியதையும்
அவளிடம் மறைக்கவில்லை.
"ஊறட்டும்" என்று இன்னொரு கரண்டிப் பயறு வைத்தாள்.

இன்று செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன்.
ஐம்பத்து நாலு.
சட்டைப்பை கனத்தது: வறுத்த கடலை.
பதினெட்டு வருசப் பழக்கம்,
எடுத்துக் களஞ்சியத்தின் கையில் கொடுத்தேன்.
ஐம்பத்து மூணு தொள்ளாயிரம்.

"அட போங்கண்ணே" என்றான்.

கடலையைத் திருப்பி வாங்கினேன்.
நின்ற இடத்திலேயே, தோலை ஊதி ஊதி,
முழுதும் தின்று முடித்தேன்.
ஏல மணி அடித்தது.
முதல் கூடை வருமுன்
இன்னொரு தடவை ஏறினேன்.